கப்பல் ஏறுமுன் மூன்று நாள்

மத்தியதரைக் கடல் க்ரூஸ் விளம்பரங்களில் ‘ரோமிலிருந்து புறப்பாடு’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் கப்பல் ரோமில் நிற்பதில்லை. நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் நிற்கிறது. ‘வெனிஸ்’ என்று போட்டிருந்தால் விலகல் இன்னும் அதிகமாகலாம். சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டி மாடிக் கட்டடம் போலப் பெருங்கப்பல்கள் நகர்ந்த காட்சி பழங்கதையாகிவிட்டது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்த வழியே வர, 2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலி அரசு தடை விதித்தது. அவற்றில் சில இப்போது அருகிலுள்ள மார்கேராவுக்கும், சில த்ரியெஸ்தேவுக்கும், சில ராவென்னாவுக்கும் போகின்றன. ராவென்னாவிலிருந்து வெனிஸுக்கு ரயிலில் போகவே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும்.

டிக்கெட்டில் இருக்கும் ஊருக்கும் கப்பல் நிற்கும் ஊருக்கும் நடுவிலுள்ள இந்தத் தூரத்தைப் பலரும் டாக்சி செலவாக மட்டுமே பார்க்கிறார்கள். ஐரோப்பாவின் மிகச் சிறந்த சில இடங்கள் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. கப்பல் அங்கெல்லாம் அழைத்துப் போகாது. அதன் கால அட்டவணை அப்படி. காலை ஏழு, எட்டு மணிக்குக் கரை சேரும்; மாலை ஐந்து, ஆறுக்கெல்லாம் எல்லோரும் திரும்பியிருக்க வேண்டும். இறங்க வரிசை, பேருந்துக்கு வரிசை, திரும்பி ஏறவும் வரிசை என்று நேரம் போனபின் மிஞ்சுகிற ஐந்தாறு மணி நேரத்தில் பார்க்கக்கூடியதைத்தான் கரைச் சுற்றுலா காட்டும். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய ஊர்களுக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாட்களே தோதானவை.

முன்கூட்டியே போய்ச் சேருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் துபாய், தோஹா, அபுதாபி போன்ற இடங்களில் விமானம் மாறித்தான் இத்தாலிக்கோ ஸ்பெயினுக்கோ போகிறார்கள். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்தால் இரண்டாவது போய்விடும். பெட்டி ஒரு நாள் கழித்து வருவதும் உண்டு. தனியாக விமான டிக்கெட் எடுத்து வரும் பயணிக்காகக் கப்பல் காத்திருக்காது. தவறவிட்டவர் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்த்தான் பிடிக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய பெற்றோரை அழைத்துக்கொண்டு, புறப்படும் நாளன்று காலையில் போய் இறங்குவது வேண்டாத விபரீதம். இரண்டு இரவு முன்னதாக இறங்கினாலே போதும். மூன்று என்றால் நிம்மதி.

இந்த நாட்களில் எங்கே போகலாம் என்று தீர்மானிக்க முதலில் எடுக்க வேண்டியது கப்பலின் பயணப் பட்டியல். நேப்பிள்ஸில் நிற்குமா? பாம்பேயை அங்கிருந்தே பார்த்துவிடலாம். லிவோர்னோ அல்லது லா ஸ்பெத்சியாவில் நிற்குமா? பீசாவும் ஃப்ளாரன்ஸும் அந்த நாளின் கணக்கு. அவற்றையெல்லாம் அடித்துவிட்டு, கப்பல் தொடாத ஊர்களுக்கே முன்நாட்களைக் கொடுக்க வேண்டும். ரோம் நகரத்தை முதல் முறை பார்க்கிறவர்கள் கொலோசியத்தையும் வாட்டிகனையும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் மூன்று நாட்களையும் அந்த இரண்டு வாசல்களின் வரிசையிலேயே கழித்துவிட வேண்டியதில்லை.

ரோமின் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் தரையிறங்கும்போது ஜன்னல் இருக்கை வாய்த்தால், பச்சை நிலத்தின் நடுவே துல்லியமான அறுகோண ஏரி ஒன்று கண்ணில் படலாம். அது இயற்கை ஏரி அல்ல. பேரரசர் த்ராயான் வெட்டிய கப்பல் துறை அது. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 358 மீட்டர். போர்ட்டுஸ் என்று அழைக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தை அவருக்கு முன்பே, கி.பி. 42 வாக்கில், கிளாடியஸ் தொடங்கியிருந்தார். எகிப்திலிருந்து மாபெரும் கல்தூணை ஏற்றிவந்த கப்பலைக் கடலில் மூழ்கடித்து, அதையே அடித்தளமாக்கிக் கலங்கரை விளக்கம் எழுப்பினார்கள். அந்தக் கல்தூண் இன்று வாட்டிகனில், புனித பேதுரு சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது. சதுக்கத்தில் படம் எடுத்துக்கொள்ளும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அதைச் சுமந்து வந்த கப்பலின் கதை தெரியும்!

போர்ட்டுஸின் இடிபாடுகள் சில குறிப்பிட்ட நாட்களில்தான் திறக்கின்றன. பக்கத்திலுள்ள ஓஸ்தியா அந்திகாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ரோமில் பிரமீதே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோ நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரம். பாம்பேயைப் போல எரிமலைச் சாம்பலில் ஒரே நாளில் புதைந்த ஊர் அல்ல இது. டைபர் ஆற்றின் வண்டல் மெல்ல மெல்லக் கடலைத் தள்ளிவிட, வணிகம் கைவிட்டுப் போன துறைமுக நகரம். மாடிக் குடியிருப்புகள், குளியல் கூடங்கள், மாவரைக்கும் கல் எந்திரங்களோடு ரொட்டிக் கூடம், சுவரில் தின்பண்டங்களைத் தீட்டி வைத்த உணவுக்கடை என்று தெருத் தெருவாக நடக்கலாம்.

நாடக அரங்கின் பின்புறம் ஒரு சதுக்கம் உண்டு. அதைச் சுற்றிலும் கப்பல் வணிகர்களின் அலுவலகங்கள் வரிசையாக இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் தரையில் கறுப்பு வெள்ளை மொசைக்கில் அவரவர் அடையாளம்: பாய் விரித்த கப்பல், கலங்கரை விளக்கம், டால்ஃபின், தானியம் அளக்கும் மரக்கால். வட ஆப்பிரிக்காவின் சப்ராத்தா ஊர்க்காரர்கள் யானையைப் போட்டிருக்கிறார்கள். எந்த ஊர் முகவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை 1,800 ஆண்டுகளுக்குப் பிறகும் தரையைப் பார்த்தே சொல்லிவிட முடிகிறது. கப்பல் பயணத்துக்குக் கிளம்பியவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் நாள் இருக்க முடியாது.

தமிழ் வாசகர் சற்று நிற்க வேண்டிய இடமும் இந்தத் துறைமுகங்களின் கதையில் இருக்கிறது. சேர நாட்டு முசிறியில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியே எகிப்துக்கும், அங்கே நைல் நதி வழியே அலெக்சாந்திரியாவுக்கும், அதன்பின் இத்தாலிக்கும் போனது. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பதிவு செய்திருக்கிறது. அப்படி வந்த மிளகையும் பிற வாசனைப் பொருட்களையும் சேர்த்து வைக்கப் பேரரசர் தொமீஷியன் காலத்தில் ரோமின் நடுவிலேயே கிடங்கு ஒன்று எழுந்தது. ரோமன் ஃபோரத்தில் மக்சென்ஷியஸின் பெருங்கூடம் நிற்கிறதே, அதன் அடியில்தான் அந்த மிளகுக் கிடங்கின் எச்சங்கள் இருக்கின்றன.

இரண்டாம் நாளை எத்ருஸ்கர்களுக்குக் கொடுக்கலாம். ரோமானியர் தலையெடுப்பதற்கு முன் இந்தக் கரையை ஆண்ட மக்கள் அவர்கள். வீடுகளை மரத்திலும் மண்ணிலும் கட்டினார்கள், அவை போய்விட்டன. கல்லறைகளைப் பாறையில் குடைந்தார்கள், அவை நிற்கின்றன. செர்வேத்தெரி, தர்க்கீனியா என்ற இரண்டு ஊர்களின் இடுகாடுகளையும் 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. செர்வேத்தெரி ரோமுக்கும் சிவிட்டாவெக்கியாவுக்கும் நடுவில் இருக்கிறது. தர்க்கீனியா சிவிட்டாவெக்கியாவுக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர், ரயிலில் கால் மணி நேரப் பயணம்.

செர்வேத்தெரியின் பந்தித்தாச்சா இடுகாட்டை ஓர் ஊர் என்றே சொல்லலாம். தெருக்கள் உண்டு, முச்சந்தி உண்டு, புல் முளைத்த வட்டக் குன்றுகளுக்குள் அறைகளும் படுக்கைகளும் உண்டு. சிற்பக் கல்லறை என்று பெயர் பெற்ற ஒன்றின் தூண்களிலும் சுவர்களிலும் கத்தி, கயிறு, பாத்திரம், கேடயம், தலையணை எல்லாவற்றையும் சுதையில் வடித்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். செத்தவர் அடுத்த உலகில் தேடித் தவிக்கக் கூடாது என்று வீட்டுச் சாமான் முழுவதையும் கூடவே வைத்து அனுப்பிய அன்பு அது.

இதே செர்வேத்தெரி மண்ணில் 1971-ல் கல்லறைத் திருடர்கள் தோண்டி எடுத்த கிரேக்க மண்கலம் ஒன்று, மறு ஆண்டே நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. விலை பத்து லட்சம் டாலர். யூஃப்ரோனியஸ் என்ற ஓவியர் கையெழுத்திட்ட கலம் அது. இத்தாலி விடாமல் போராடி 2008-ல் அதை மீட்டது. இப்போது அது ரோமின் பெரிய அருங்காட்சியகம் எதிலும் இல்லை. தோண்டி எடுக்கப்பட்ட ஊரான செர்வேத்தெரியின் சின்ன அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

தர்க்கீனியா வேறு மாதிரி. மோந்தெரோத்சி மேட்டில் ஏறக்குறைய 6,000 கல்லறைகள். அவற்றில் 200 அளவில் ஓவியம் தீட்டியவை. பார்வையாளருக்குத் திறந்திருப்பவை அவற்றில் சிறு பகுதிதான், ஆனாலும் அரை நாள் போதாது. வெளியே பார்த்தால் வெறும் புல்வெளி, ஆங்காங்கே சின்னச் சின்ன ஓட்டுக் கூரைகள். கூரைக்குக் கீழே செங்குத்தான படிகள் பூமிக்குள் இறங்குகின்றன. கடைசிப் படியில் கண்ணாடிக் கதவு. மூச்சுக்காற்றின் ஈரம் ஓவியத்தைக் கெடுக்காமல் இருக்க உள்ளே விடுவதில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது.

எரிந்ததும் தெரிவது துக்கம் அல்ல, விருந்து. சிறுத்தைகளின் கல்லறையில் ஆண்களும் பெண்களும் ஒரே மஞ்சத்தில் சாய்ந்து உண்கிறார்கள், குழல் ஊதுகிறார்கள், நடனம் நடக்கிறது. மனைவியரை விருந்துக் கூடத்துக்குள் விடாத கிரேக்கர்கள் இந்த வழக்கத்தைக் கண்டு முகம் சுளித்து எழுதி வைத்திருக்கிறார்கள். வேட்டை, மீன்பிடிப்புக் கல்லறையில் ஒரு பையன் பாறையிலிருந்து கடலில் தலைகீழாகப் பாய்கிறான். படகில் ஒருவர் தூண்டில் விட்டிருக்கிறார். தலைக்கு மேல் பறவைக் கூட்டம். இயேசு பிறப்பதற்கு 500 ஆண்டுகளுக்கும் முன்பு தீட்டிய கடல் அது. ஆங்கில எழுத்தாளர் டி.எச். லாரன்ஸ் 1927-ல் இங்கே வந்து இந்தச் சுவர்களில் மயங்கி எழுதிய நூல், அவர் இறந்தபின் 1932-ல் வெளிவந்தது. ஊருக்குள் விதெல்லெஸ்கி மாளிகை அருங்காட்சியகத்தில் சுடுமண்ணாலான சிறகுக் குதிரைகள் இரண்டு இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் ரயில் ஏறிவிடக் கூடாது. ரயில் நிலையம் ஊருக்குக் கீழே தள்ளி இருப்பதால் பேருந்து நேரத்தை முன்பே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு முழு நாள் மீதமிருந்தால் ஓர்வியேத்தோ. ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். எரிமலைப் பாறையின் தட்டையான உச்சியில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. ரயிலடிக்கு எதிரிலேயே மலையேற்றும் இழுவண்டி. 1290-ல் தொடங்கிய பேராலயத்தின் முகப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பெரியவர்களும் குழந்தைகளும் ஒருசேர வியக்கும் இடம் புனித பாட்ரிக் கிணறு. 1527-ல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது தப்பி இங்கே வந்த போப் ஏழாம் கிளெமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன வழி என்று அஞ்சி வெட்டச் சொன்ன கிணறு இது. ஆழம் 53 மீட்டர். இறங்க 248 படிகள், ஏற வேறு 248 படிகள். இரண்டு சுழல் பாதைகள் ஒன்றையொன்று தொடாமல் பின்னிக்கொண்டு போகின்றன. தண்ணீருக்கு இறங்கும் கோவேறு கழுதை, தண்ணீரோடு ஏறும் கழுதையை எதிர்கொள்ளவே வேண்டியதில்லை! கட்டியவர் இளைய அந்தோனியோ த சாங்காலோ. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்தாலே அமைப்பு புரியும்.

மூன்றாம் நாள் சிவிட்டாவெக்கியா. இந்தத் துறைமுகமும் த்ராயான் கட்டியதே. அலையைத் தடுக்கப் பெரும் பாறைகளைக் கப்பலில் கொண்டுவந்து கடலில் கொட்டிச் செயற்கைத் தீவு உருவானதை இளைய பிளினி நேரில் கண்டு கடிதத்தில் விவரித்திருக்கிறார். மைக்கலாஞ்சலோவின் பெயர் தாங்கிய கோட்டை துறைமுக வாசலிலேயே இருக்கிறது. ஊர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் நொறுங்கியதால் பழமை அதிகம் மிஞ்சவில்லை. ரயில் நிலையத்திலிருந்து லார்கோ தெல்லா பாச்சே வரை உள்ளூர்ப் பேருந்து, அங்கிருந்து கப்பலுக்குத் துறைமுகப் பேருந்து. ரோமிலிருந்து தனி டாக்சி வைப்பவர்கள் இந்த வழியை ஒருமுறை யோசிக்கலாம்.

இனி ராவென்னா. ‘வெனிஸ்’ க்ரூஸுக்கு டிக்கெட் எடுத்து, கப்பல் ராவென்னாவில் நிற்கிறது என்று தெரிந்ததும் ஏமாந்ததாக வருந்துகிறவர்கள் உண்டு. வருந்தவே வேண்டாம். கி.பி. 402-ல் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரமாகி, பிறகு கோத் அரசர்களின் தலைநகரமாக, அதன்பின் பைசாந்தியத்தின் இத்தாலியத் தலைமையிடமாக இருந்த ஊர் இது. எட்டு கட்டடங்கள் 1996-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. வெனிஸைப் பார்க்க வேறொரு முறை போகலாம்; ராவென்னாவுக்காகவே விமானம் ஏறுகிற வாய்ப்பு எளிதில் வராது. பொலோஞ்ஞாவில் இறங்கினால் அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

கல்லா பிளாசிதியா நினைவிடம் வெளியே சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே அடர்நீல விதானம் முழுக்கத் தங்க நட்சத்திரங்கள். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்தர் கல், அதன் வழியே தேன்நிற வெளிச்சம் கசிகிறது. பக்கத்தில் சான் வித்தாலே ஆலயம்: ஒரு சுவரில் பேரரசர் ஜஸ்டீனியன், எதிர்ச் சுவரில் பேரரசி தியோதோரா. சர்க்கஸ் கரடிக்காரரின் மகளாகப் பிறந்து பேரரசியானவர் அவர்.

சாந்தப்பொல்லினாரே நுவோவோ ஆலயத்தில் நிதானம் வேண்டும். கோத் அரசர் தியோடெரிக் கட்டியது. அவர் ஆரியஸ் என்பவரின் கொள்கை வழி வந்த கிறித்தவர். பின்னால் வந்த பைசாந்தியர்களுக்கு அது திருச்சபை மறுத்த கொள்கை. மொசைக்கில் அரண்மனையின் தூண்களுக்கிடையே நின்ற உருவங்களைப் பெயர்த்தெடுத்து, அந்த இடங்களில் திரைச்சீலைகளைப் பதித்தார்கள். தூண்களின் மேல் படிந்திருந்த கைகளை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். இன்றும் ஆளில்லாத கைகளும் விரல்களும் தூண்களில் தெரிகின்றன. எதிர்ச் சுவரில் கிளாஸே துறைமுகம், அதில் மூன்று கப்பல்கள். அகஸ்டஸ் கடற்படையை நிறுத்திய அந்தத் துறைமுகத்திலிருந்து கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது, கி.பி. 549-ல் அர்ச்சிக்கப்பட்ட பேராலயம் ஒன்று வயல்களின் நடுவே நிற்கிறது.

கவிஞர் தாந்தே 1321-ல் இறந்ததும் ராவென்னாவில்தான். நாடு கடத்திய ஃப்ளாரன்ஸ் பின்னாளில் மனம் மாறி எலும்புகளைக் கேட்டது. போப்பின் அனுமதியும் கிடைத்தது. வந்து திறந்தால் கல்பெட்டி காலி! பிரான்சிஸ்கன் துறவிகள் எலும்புகளை ஒளித்துவிட்டார்கள். 1865-ல் கட்டட வேலையின்போது தற்செயலாகத்தான் அவை அகப்பட்டன. கல்லறை விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் ஃப்ளாரன்ஸிலிருந்து வருகிறது.

பார்சிலோனாவில் இந்தத் தூரச் சிக்கல் இல்லை. துறைமுகம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஒரு நாள் மோந்த்செர்ராத் மலைக்கு. பிளாசா எஸ்பான்யாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், அதன்பின் பல்சக்கர ரயிலோ கம்பிவட ஊர்தியோ. ரம்பப் பற்கள் போன்ற பாறைகளுக்கிடையே 1025-ல் தொடங்கிய மடம், கரிய மாதா சிலை, சிறுவர் பாடகர் குழு. 1522-ல் இஞ்ஞாசியார் என்ற போர்வீரர் இங்கேதான் தம் வாளை மாதாவின் முன் வைத்துவிட்டுத் துறவுக்குப் போனார். அவர் தொடங்கிய இயேசு சபையின் முதல் தோழர்களில் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்த மலை வெறும் சுற்றுலாத் தலமாக இருக்காது. ரோமானிய எச்சங்களை விரும்புகிறவர்கள் கடலோர அரங்கமும் கால்வாய்ப் பாலமும் உள்ள தாராகோனாவுக்குப் போகலாம்.

ஏதென்ஸில் கப்பல் ஏறுகிறவர்களுக்கு மெட்ரோவே விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகம் வரை ஓடுகிறது. அதே துறைமுகத்தில் விரைவுப் படகு பிடித்தால் ஏகினா தீவு நாற்பது நிமிடம்; அஃபாயா கோயிலும் தீவின் புகழ்பெற்ற பிஸ்தாவும் ஒரு நாளுக்குப் போதும். டெல்ஃபி பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குள். ஒரே நாளில் போய்த் திரும்புவது அலுப்பு, மலையிலேயே ஓர் இரவு தங்கினால் காலை வெயிலுக்கு முன் அப்போலோ கோயிலுக்கு ஏறிவிடலாம்.

திட்டமிடும்போது கிழமை முக்கியம். ஓஸ்தியா, செர்வேத்தெரி, தர்க்கீனியா மூன்றும் திங்களன்று மூடியிருக்கும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், ஆனால் முன்னறிவிப்போடு வரும். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை எந்திரத்தில் முத்திரையிடாவிட்டால் அபராதம். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம் ஊர்க்காரர்களையும் வாட்டும். நிழலில்லாத இடிபாடுகளுக்கு மே அல்லது செப்டம்பர் கடைசி நல்லது.

விசா விஷயத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் பயணமே நின்றுவிடும். ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் கப்பல் நாட்களோடு முன்தங்கல் நாட்களையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஓட்டல் பதிவும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் அந்த நாட்களையும் உள்ளடக்க வேண்டும். கப்பல் நடுவில் துருக்கியின் குஷாதாசியையோ மோந்தெநீக்ரோவின் கோட்டாரையோ தொட்டுத் திரும்பினால் ஒருமுறை நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசாதான் வேண்டும். குரோஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் துப்ரோவ்னிக்குக்கு அந்தக் கவலை இல்லை. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் சென்னை விசா மையத்தில் ஜனவரியிலேயே நேரம் வாங்கிவிடுவது உத்தமம்.